கொடையாளர் எண் 212

கனகவல்லி பதினோரு வருஷமாக ஒரே இடத்தில் வேலை பார்த்தாள். ஆனால் காகிதத்தின்படி அவள் எந்த வேலையிலும் ஒரு முழு வருஷம் இருந்தவள் இல்லை. பதினோரு மாதத்துக்கு ஒரு தற்காலிக உத்தரவு கொடுப்பார்கள். அது முடிந்ததும் நாலு நாள் வீட்டில் இரு என்பார்கள். ஐந்தாம் நாள் புது உத்தரவு. பன்னிரண்டாவது மாதம் சேர்ந்தாற்போல் ஓடிவிட்டால் நிரந்தரம் பண்ணு என்று கேட்டுவிடுவாளாம். ரத்தத்தைத் தானமாக வாங்கித் தானமாகக் கொடுக்கிற இடத்தில் இந்தக் கெட்டிக்காரத்தனம்!

அது புனே நகரத்தில் கேம்ப் என்கிற பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்திய ரத்த வங்கி. கனகவல்லிக்குக் கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி எண்பத்தைந்தில் புனே விஷ்ராந்த்வாடிக்கு வந்தாள். புருஷன் சூர்யநாராயணன் ராணுவக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர்கீப்பர். தொண்ணூற்றொன்றில் டைப்பிஸ்டாக இவள் ரத்த வங்கியில் சேர்ந்தபோது அங்கே ஒரு பழைய டைப்ரைட்டரும், கொடையாளர்களின் அட்டைகள் அடுக்கிய ஓர் இரும்புப் பீரோவும்தான் இருந்தன. யாருக்காவது அபூர்வமான குரூப் ரத்தம் வேண்டுமென்றால் அந்தப் பீரோவைக் குடைய வேண்டும். ஏபி நெகட்டிவ் அட்டை பி பாசிட்டிவ் அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ஆள் தவித்துக்கொண்டிருக்க, இங்கே நாலு பேர் தரையில் உட்கார்ந்து சீட்டாடுகிற மாதிரி அட்டை புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் கனகவல்லிக்கு வெறுத்துப்போனது. யாரோ ஒரு கம்பெனிக்காரர் தள்ளிவிட்ட கம்ப்யூட்டர்கள் இரண்டு வந்து சேர்ந்ததும் அவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் மைஎஸ்க்யூஎல் இருந்தது, பிஎச்பி இருந்தது. பட்டியல்களை வைத்துக் காப்பது முன்னது. அதனிடம் கேட்டு வாங்கி வந்து திரையில் காட்டுவது பின்னது. கையேட்டை அச்சடித்துச் சுருள்கம்பி போட்டுக்கொண்டு பஸ்ஸில் படித்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் ஏதோ சகஸ்ரநாமம் என்று நினைத்து, ஒரு நாள் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம்.

எல்லாம் சரி, இணைப்பு வரி ஒன்றுதான் அவளைப் படாத பாடு படுத்தியது. பட்டியல் உள்ளறைக் கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில் இருந்தது. பக்கம் திறப்பது வாசல் மேஜைக் கம்ப்யூட்டரில். வாசலிலிருந்து உள்ளே போக ஒரே ஒரு வரி. அதில் மூன்று விவரம் எழுத வேண்டும்: எந்த சர்வர், வருகிறவர் பெயர், கடவுச்சொல். மூன்றையும் சரியாகத்தான் எழுதினாள். அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடி எழுதினாள். அனுமதி இல்லை. பதினாறு நாள் இதே கதை.

“ஏன்டி, உன் ஆபீஸ் மிஷினுக்கு உன்னை அடையாளமே தெரியலையா?” என்று சூர்யநாராயணன் கேலி செய்தார். “உங்களுக்கு மட்டும் தெரியறதாக்கும்! நேத்திக்குப் புதுப் புடவை கட்டிண்டு நின்னேன், கண்ணு பேப்பரை விட்டு நகர்ந்துதா?” என்றாள் அவள்.

பதினேழாம் நாள்தான் சூட்சுமம் பிடிபட்டது. இந்த சர்வர் வருகிறவர் யார் என்று மட்டும் பார்ப்பதில்லை, எங்கிருந்து வருகிறார் என்றும் பார்க்கிறது. உள்ளறையிலிருந்தே வரும் கனகவல்லிக்கு அனுமதி உண்டு. வாசலிலிருந்து வரும் கனகவல்லி அதற்கு வேற்று மனுஷி. வாசல் என்ன, ஆபீஸுக்குள் எங்கிருந்து வந்தாலும் கனகவல்லிக்கு அனுமதி உண்டு என்று எழுதிவைத்தாள். கதவு திறந்தது. இது இரண்டாயிரத்தொன்று ஜூன். ஏபி நெகட்டிவ் என்று அடித்ததும் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தபோது அவள் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

மறு வருஷம் ஜூலையில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று நன்கொடையாக வந்தது. பட்டியலை அதற்கு மாற்றினாள். ரவுட்டர் என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி இருக்கிறதே, அது முதலில் வருகிற கம்ப்யூட்டருக்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று என்று எண் கொடுக்கும். பழசைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டியதும் அதே இரண்டாம் எண் புதுசுக்குக் கிடைத்தது. இணைப்பு வரியில் இருந்ததும் இரண்டு. வரியைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர், வயிற்றில் அந்த வருஷ ஜூன் வரையிலான பட்டியலோடு, சாமான் அறைக்குப் போனது. அதிலிருந்ததை அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. கிடக்கட்டும், என்ன சோறா கேட்கிறது என்று விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து யாரும் அட்டையில் எழுதவில்லை. நிர்வாகத் தலைவர் டாக்டர் ஜோக்லேகர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அக்டோபர் பத்தொன்பது, சனிக்கிழமை கமிட்டி. அதுவரை ஒரு தப்பும் இல்லாமல் ஓடினால் பீரோவைத் தூக்கிவிடலாம். உங்களை நிரந்தரமும் பண்ணிவிடலாம்.” பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. பஸ்ஸுக்கு நிற்காமல் பாதி தூரம் நடந்தே போனாள், அவ்வளவு சந்தோஷம்.

இதற்கு நடுவில் நவராத்திரி வந்தது.

புனேயில் தசராவுக்கு இயந்திரங்களுக்குச் சாமந்தி மாலை போடுவது ஊர் வழக்கம். கனகவல்லிக்கு அது போதாது. அவள் வீட்டு வழக்கப்படி சரஸ்வதி பூஜையில் வைத்த பொருளை அன்று தொடக்கூடாது, விஜயதசமி காலையில் எடுத்து நாலு வரியாவது படிக்க வேண்டும். ஆகவே திங்கட்கிழமை எல்லாவற்றையும் முறையாக அணைத்தாள். ரவுட்டரையும் விடவில்லை. பெட்டிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தாள். அப்போது சாமான் அறை ஞாபகம் வந்தது. நமக்குக் கை பிடித்துக் கற்றுக்கொடுத்ததே அதுதான், அதை மட்டும் இருட்டில் போட்டுவிட்டு என்ன பூஜை? பழசைத் தூக்கி வந்து புதுசுக்குப் பக்கத்தில் வைத்து, பூஜை குறையில்லாமல் இருக்கட்டும் என்று ஒயர்களையும் மாட்டினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, விஜயதசமி. காலையில் வந்து கற்பூரம் காட்டி, ரவுட்டரைப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக எழுப்பினாள். மூத்தது முதலில் என்று பழைய பெட்டியின் பொத்தானைத்தான் முதலில் அழுத்தினாள். அப்புறம் புதுசு. அப்புறம் வாசல் மேஜை. நாலு வரி படிக்க வேண்டுமே, அதற்காகப் பக்கத்தைத் திறந்து தன் பெயரைத் தேடினாள். வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பழசும் ஒரு வாரம் ஓடட்டும், பாவம் என்று எதையும் அணைக்காமல் வீட்டுக்குப் போய்ச் சுண்டல் தாளித்தாள்.

புதன்கிழமை காலையில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வந்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கு, ஏபி நெகட்டிவ் உடனே வேண்டும். வாசல் மேஜையில் இருந்தவள் ருக்மிணி. மராத்திக்காரி, ஐம்பது வயசு, கனகவல்லியை ‘தாயி’ என்பாள், அக்கா என்று அர்த்தம். பக்கத்தைத் திறந்தாள். நாலு பெயர் வந்தது. நாலு பேருக்கும் போன் போட்டாள். ஒருவர் நாசிக்குக்கு மாற்றலாகிப் போயிருந்தார். இரண்டு பேர், போன மாசம்தானே கொடுத்தோம், மூன்று மாசம் ஆக வேண்டாமா என்றார்கள். நாலாவது வீட்டில் ஒரு பெண்குரல் பேசிவிட்டு, பாதியிலேயே போனை வைத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்த நாலாவது வீட்டிலிருந்தே போன் வந்தது. கனகவல்லியைக் கேட்டார்கள்.

“ஆகுர்டியில இருந்து ஜெபமணி பேசுதேம்மா. அவுக போயி ரெண்டு மாசம் ஆச்சுல்லா? நான் ஒங்க கிட்டதான சொன்னேன்? இப்ப ரத்தம் குடுக்க அவுகள வரச் சொல்லுதாக.”

ஜெபமணியின் புருஷன் ஆசீர்வாதம், கொடையாளர் எண் இருநூற்றுப் பன்னிரண்டு, முப்பத்தொரு தடவை ரத்தம் கொடுத்தவர். திருநெல்வேலிக்காரர் என்பதால் வரும்போதெல்லாம் தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். ஆகஸ்டில் மாரடைப்பில் போய்விட்டார். ஜெபமணி போனில் சொன்னதும் ‘காலமானார்’ என்று பட்டியலில் எழுதியது கனகவல்லியின் இந்தக் கைதான். அப்படிக் குறித்த பெயர் தேடலில் வரவே கூடாது.

ஜெபமணியிடம் ஏதோ மன்னிப்புக் கேட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். திரையில் ஆசீர்வாதம், ‘அழைக்கலாம்’ என்று இருந்தார். உள்ளறைக்கு ஓடிப் புதுப் பெட்டியில் நேராகப் பார்த்தாள். அங்கே அவர் காலமாகியிருந்தார். ஒரே மனுஷன் வாசலில் உயிரோடு, உள்ளே உயிரில்லாமல். அப்புறம்தான் பக்கத்தில் குங்குமப் பொட்டோடு ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டியைப் பார்த்தாள். அடிப்பாவி! ரவுட்டர் அணைந்து எழுந்ததில் பழைய கணக்கை மறந்துவிட்டது; முதலில் எழுப்பியதால் இரண்டாம் எண் அதற்கல்லவா போயிருக்கிறது. இணைப்பு வரி இரண்டைத் தேடிப் போனது. அதே பெயர், அதே கடவுச்சொல், அதே அனுமதி. பழசு மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்து ஜூன் மாதப் பட்டியலை எடுத்து நீட்டியிருக்கிறது.

பழசின் ஒயரைப் பிடுங்கினாள். வரியில் இரண்டை மூன்றாக்கினாள். நாலு பெயரும் மறைந்து, ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்த இரண்டு புதுப் பெயர்கள் வந்தன. ஒருவர் கட்கியில், ஒருவர் கேம்ப்பிலேயே. இரண்டு பேரும் வந்தார்கள். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து, தாயும் குழந்தையும் நலம் என்று தகவல் வந்தது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் தேவலை. டாக்டர் ஜோக்லேகர் வாசலுக்கு வந்து எல்லோர் முன்னிலும் ருக்மிணியைப் பிடித்துக்கொண்டார். “செத்துப்போனவர் வீட்டுக்குப் போன் பண்ணி ரத்தம் கேட்டிருக்கிறீர்களே, திரையைப் பார்த்துப் படிக்கத் தெரியாதா? அதே பக்கத்திலிருந்துதானே கனகவல்லி சரியான இரண்டு பேரைக் கண்டுபிடித்தார்?” என்று மராத்தியில் பொரிந்தார். மெமோ தயாராகும் என்றார். திரும்பி இவளிடம், “சனிக்கிழமை கமிட்டியில் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்” என்றார். கனகவல்லி தலையைக் குனிந்தபடி உள்ளறைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள்.

“யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார் சூர்யநாராயணன்.

“தெரியாது.”

“அப்ப சனிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே. ஆர்டர் கைக்கு வரட்டும். அப்பறம் மெதுவா அந்தப் பொம்மனாட்டிகிட்ட சொல்லிக்கலாம். பதினோரு வருஷம் காத்திண்டிருந்துட்டு, இப்பப் போயி நாமளே நம்ம தலைல மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் கனகவல்லிக்குப் பட்டது. பொய் சொல்லவில்லையே, சொல்வதைத் தள்ளித்தானே போடுகிறோம் என்று மனசு சமாதானம் சொன்னது. மனசுக்கென்ன, எந்தப் பக்கம் சாய்த்தாலும் சாயும்.

வியாழக்கிழமை காலை ருக்மிணி அவளுடைய மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு சீட்டு.

“தாயி, மத்தியானம் அரைநாள் போகிறேன். கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு எதிரே ‘அழைக்கலாம்’ என்று பார்த்ததாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் நீங்கள் எழுதியது தப்பாக இருக்காது. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு” என்றாள் இந்தியும் மராத்தியுமாக. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அதற்குமேல் கனகவல்லியால் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ருக்மிணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக டாக்டரின் அறைக்குள் போனாள்.

“இவர் கண்ணில் ஒன்றும் இல்லை சார். திரையில் அப்படித்தான் இருந்தது. தப்பு என்னுடையது” என்று ஆரம்பித்து, சாமான் அறை, பூஜை, மூத்தது முதலில், இரண்டாம் எண் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

“பூஜை போட்டதாலா?” என்று கேட்டார் டாக்டர்.

“பூஜை மேல் பழி போடாதீர்கள் சார். பழைய பட்டியலை அழிக்காமல் வைத்தது நான். எண்ணை நம்பி வரியை எழுதியதும் நான்.”

ருக்மிணியின் மெமோவை அவர் கிழித்துப் போட்டார். சனிக்கிழமைக் கமிட்டியில் கனகவல்லியின் பேச்சையும் எடுக்கவில்லை. இரும்புப் பீரோ இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும், அட்டைகளையும் எழுதுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று தீர்மானமானது. நவம்பரில் பதினோரு மாத உத்தரவு ஒன்று வந்தது. நாலு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போய் அதை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது கண் கலங்கியது, இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையே, கமிட்டி கூடுவதற்கு முன்னாலேயே, ஒரு வேலை செய்தாள். பழைய பட்டியலைத் துடைத்தெறிந்தாள். எந்தப் பெட்டி எந்த வரிசையில் எழுந்தாலும் எண் மாறாதபடி கட்டிவைத்தாள். அப்புறமும் மனசு ஆறவில்லை. சர்வர் வருகிறவளை எவ்வளவு குடைகிறது! நீ யார், எங்கிருந்து வருகிறாய், சொல் என்ன. வருகிறவள் சர்வரை ஒரு கேள்வி கேட்டாளா? நீ நான் தேடி வந்த ஆள்தானா என்று கேட்டாளா? கேட்கவில்லை. கதவு திறந்தது, நுழைந்துவிட்டாள். ஆகவே இணைப்பு வரிக்குக் கீழே அவளும் ஒரு கேள்வியை எழுதினாள். சர்வர் அதற்குச் சரியான பதில் சொன்னால்தான் பக்கம் மேலே ஓடும். இல்லாவிட்டால், ‘தவறான சர்வர், யாருக்கும் போன் செய்யாதீர்கள்’ என்று மராத்தியில் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

கமிட்டிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகரில் லோக்கல் ரயில் பிடித்து ஆகுர்டிக்குப் போனாள். போனில் கேட்ட மன்னிப்பு போதாதென்று பட்டது.

ஒற்றை அறையும் சமையலறையுமாக இருந்த வீடு. சுவரில் ஆசீர்வாதத்தின் படம், பக்கத்தில் ரத்த வங்கி கொடுத்த பாராட்டுப் பத்திரம். ஜெபமணி பாய் விரித்து உட்காரவைத்து டீ போட்டாள்.

“நீங்க கோவமா ரெண்டு வார்த்தை திட்டிடுங்கோ. எனக்கு நிம்மதியா இருக்கும்” என்றாள் கனகவல்லி.

“ஒங்கள திட்டி என்னம்மா ஆவப்போவுது? எனக்கு எம்மேலதான் கோவம்” என்றாள் ஜெபமணி. “அடுப்படியில நின்னுட்டிருந்தேன். போன் அடிச்சுது. எடுத்தா, ஆசீர்வாதம் சார் இருக்காரான்னு கேக்காக. நான் பாட்டுக்கு உள்ள திரும்பி, ‘ஏங்க, ஒங்களுக்குத்தான் போன்’னு கூப்பிட்டுட்டேன். கூப்பிட்ட பொறவுதான் நெனவு வந்துச்சு.”

கனகவல்லி ஜெபமணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபமணியே, “அந்தப் புள்ளத்தாச்சிக்கு ரத்தம் கெடச்சுதா?” என்று கேட்டாள்.

“கெடச்சுது. ரெண்டு பேரும் சௌக்கியம்.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இனிமே இப்படி ஆவாதுல்லா?”

“ஆகாது. அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிருக்கேன். உங்ககிட்ட கேக்காமயே பண்ணிட்டேன், அதையும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்” என்று தயங்கிவிட்டுச் சொன்னாள். “ஒவ்வொரு தடவை கதவு திறக்கறபோதும் எங்க கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேக்கும். இருநூத்திப் பன்னெண்டாம் நம்பர் ஆசீர்வாதம் இப்ப இருக்காரா? இருக்கார்னு பதில் வந்தா அது பொய்யான லிஸ்ட், உடனே நின்னுடும். இல்லைன்னு வந்தாத்தான் உள்ளே விடும். உங்களுக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்தா எடுத்துடறேன்.”

ஜெபமணி டம்ளரைக் கீழே வைத்தாள். “ஒரு நாளைக்கு எத்தன தடவ கேக்கும்?”

“நூறு தடவை கேக்கும். சில நாள் அதுக்கு மேலயும்.”

ஜெபமணி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். முகம் கோணிக்கொண்டு வந்தது, அழப்போகிறாள் என்றுதான் கனகவல்லி நினைத்தாள். ஆனால் அவள் சிரித்தாள்.

“எடுக்காதீக. இருக்கட்டும்” என்றாள். “ஸ்கூட்டர் கம்பெனியில இருவத்திரெண்டு வருசம் கான்ட்ராக்டுலயே ஓட்டுனாக. பெர்மனென்ட் ஆவணும், ஆவணும்னு சாவுத வரைக்கும் சொல்லிட்டே இருந்தாக. கடைசியில ஒங்க எடத்துலல்லா பெர்மனென்ட் ஆயிருக்காக!”

கனகவல்லியும் சிரித்தாள். தனக்கு இன்னும் ஆகவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.